மாணவர் நல நிர்வாகமும் அதற்கான முதுகலைப் படிப்பும்

விடுதியில் இடம் அளிப்பது, மாணவரிடையே எழும் பூசல்களை விசாரிப்பது, மனம் சோர்ந்தவனைத் தேற்றி வைத்தியரிடம் அனுப்புவது முதலிய காரியங்களுக்குத் தனிப் படிப்பு எதற்கு, நல்ல மனமும் உலக அனுபவமும் உள்ள எந்தப் பேராசிரியரும் அவற்றைச் செய்யலாமே என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர் ஒருவரே விடுதி வார்டனாகவும் இருந்துவருவது அதன் விளைவுதான். அமெரிக்காவிலோ இக்காரியங்கள் தனி உத்தியோகமாகி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆண்களுக்கென்றே இருந்த கல்விச்சாலைகளில் பெண்கள் வந்து சேர்ந்தபோது, அவர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட பெண் டீன்கள், தங்கள் வேலைக்கு முன்மாதிரி எதுவும் இல்லாததை உணர்ந்து, 1903-இல் சிகாகோ சர்வகலாசாலையின் மேரியன் டால்பட் அம்மையாரின் முயற்சியால் ஒன்றுகூடி ஆலோசித்தார்கள். 1916-இல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் இத்தகையோருக்கான உயர்படிப்பு தொடங்கியது. மாணவனை அறிவு என்ற ஓர் அம்சத்தால் மட்டும் அளவிடாமல் முழு மனிதனாகக் காண வேண்டும் என்று அமெரிக்கக் கல்விப் பேரவை 1937-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படிப்புக்கு ஒரு தத்துவ அடிப்படையைத் தந்தது.

இன்று இப்படிப்பு பெரும்பாலும் இரண்டாண்டு முதுகலைப் பட்டமாக நடக்கிறது. இதற்கெனத் தனி இளங்கலைப் பாடம் இல்லாததால், சரித்திரம் படித்தவரும் ரசாயனம் படித்தவரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். அவர்களிற் பலர் இளங்கலை நாட்களில் விடுதித் தளமொன்றுக்குப் பொறுப்பாளராக இருந்து, அந்த அனுபவத்தால் ஈர்க்கப்பட்டு வந்தவர்கள். இப்படிப்பின் உயிர்நிலை, வகுப்போடு கூடவே வாரத்துக்கு இருபது மணி நேரம் அளவுக்கு விடுதியிலோ ஆலோசனை அலுவலகத்திலோ செய்யும் உதவிப் பணியில் இருக்கிறது என்பது என் துணிபு. அதற்குக் கைம்மாறாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும்; சிறு உதவித்தொகையும் கிடைக்கும். அறையைப் பகிர்ந்துகொள்ளும் முதலாண்டு மாணவர் இருவர், விளக்கை எப்போது அணைப்பது, விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்றெல்லாம் பேசி எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை மூன்றாம் வாரத்திலேயே முறிந்துபோக, நள்ளிரவில் கதவைத் தட்டும் அவ்விருவரையும் எதிரெதிரே அமர்த்தி, ஒருவர் பேசும்போது மற்றவரைப் பொறுத்திருக்கச் செய்து, பிறகு தான் கண்டதையும் கேட்டதையும் மட்டும், தன் ஊகம் ஒன்றும் கலவாமல், மறுநாள் காலைக்குள் அறிக்கையாக எழுதிக் கொடுக்கும் இருபத்துமூன்று வயது உதவியாளன் கற்றுக்கொள்வதை எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாது. அந்த அறிக்கையை அதே வாரத்தில் வகுப்புக்குக் கொண்டுவந்து சகமாணவர் முன் வைத்துப் பரிசீலிக்கும்போதுதான் அனுபவம் சாஸ்திரமாகிறது. இந்த இணைப்பை நான் மனமாரப் போற்றுகிறேன்.

சட்ட அறிவும் இப்படிப்பு தரும் நற்பயன்களுள் ஒன்று. 1960-இல் மாண்ட்கமரி நகரத்தில், கறுப்பினத்தவருக்கு உணவு மறுத்த சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து போராடிய மாணவர்களை அலபாமா அரசுக் கல்லூரி விசாரணையின்றி விலக்கியது. அரசுக் கல்லூரி ஒரு மாணவனை நீக்குமுன் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் ஸ்தானத்தில் இருந்து தண்டிக்கும் அதிகாரம் கல்லூரிக்கு உண்டு என்ற பழைய கொள்கை அதனால் தளர்ந்தது. இதை அறியாத அதிகாரி, நல்லெண்ணத்தோடேயே அநீதி இழைத்துவிடக்கூடும்.

இனி, குறைகளுக்கு வருவோம். பாடத்திட்டத்தின் நடுநாயகமாக விளங்குவது மாணவர் வளர்ச்சிக் கோட்பாடு. ஆர்தர் சிக்கரிங் 1969-இல் வகுத்த ஏழு வளர்ச்சித் திசைகளும், ஹார்வர்டு மாணவர்களைப் பேட்டி கண்டு வில்லியம் பெர்ரி 1970-இல் வெளியிட்ட அறிவுப் படிநிலைகளும் ஏறக்குறைய எல்லோருக்கும் பாடமாகின்றன. பெற்றோரிடமிருந்து விலகித் தன்காலில் நிற்பதே முதிர்ச்சி என்ற தொனி சிக்கரிங்கின் முதற்பதிப்பில் ஓங்கியிருந்தது. 1993-இல் லிண்டா ரைசருடன் சேர்ந்து அதைத் திருத்தியபோது, சுயேச்சையின் வழியாகப் பரஸ்பரச் சார்பை அடைவதே வளர்ச்சி என்று அவரே மாற்றி எழுதினார். இந்தத் திருத்தத்தைப் பெயரளவில் மட்டும் கற்ற ஒருவர், தினந்தோறும் மதுரைக்குத் தொலைபேசியில் பேசி, தந்தையைக் கலந்தே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவனைப் பக்குவம் அடையாதவன் என்று கணித்துவிட்டால் அவனுக்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று. கோட்பாட்டை மனிதனைப் புரிந்துகொள்ளும் கருவியாகக் கொள்ளாமல், அவனை வகைப்படுத்தும் சீட்டாகக் கொள்ளும் அபாயம் இப்படிப்பில் எப்போதும் உண்டு. பால் பிளோலண்ட், லூயிஸ் ஸ்டாமடகோஸ், ரசல் ராஜர்ஸ் என்ற இத்துறை அறிஞர் மூவரே, இக்கோட்பாட்டைத் தம் தொழில் ஆராயாமல் தழுவிக்கொண்டது என்று 1994-இல் கண்டித்து எழுதினார்கள்.

இதனினும் பெரிய குறை வேறொன்று. எந்த உதவிப் பணியை நான் போற்றினேனோ, அதனுள்ளேயே அது இருக்கிறது. விடுதிகளை இரவும் பகலும் காக்க ஆள் வேண்டும். முழுச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதைவிட, பட்டம் படிக்க வந்தவனை அமர்த்துவது சிக்கனம். ஆகவே படிப்புக்காகப் பணி என்ற நிலை மாறி, பணிக்கு ஆள் சேர்ப்பதற்காகப் படிப்பு என்ற நிலை நேர்வதற்கு ஏது உண்டாகிறது. இத்துறையின் தரக்குழு குறைந்தது முந்நூறு மணி நேர மேற்பார்வைப் பயிற்சி வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் அக்குழு படிப்புகளைச் சோதித்து அங்கீகாரம் வழங்கும் அமைப்பன்று. மணிகளை எண்ணிவிடலாம், மேற்பார்வையாளர் கற்பித்தாரா, வேலை மட்டும் வாங்கினாரா என்பதை யார் அளப்பது? பட்டம் பெற்ற பின்னரும் பலருக்கு முதலில் வாய்ப்பது விடுதியிலேயே குடியிருந்து செய்யும் சொற்ப ஊதிய உத்தியோகம். சில ஆண்டுகளிலேயே துறையை விட்டு விலகுவோர் பலர் என்பது அத்துறையினர் வெகுகாலமாகக் கவலையோடு பேசிவரும் விஷயம். பிறர் மனச்சோர்வை நீக்கப் பயின்றவரே சோர்ந்து வெளியேறுவதற்கு அவருடைய தைரியக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. கருணையைக் கற்பிக்கும் வகுப்பு, அந்தக் கருணைக்குக் கொடுக்கப்படும் கூலியையும், கல்லூரியின் வரவுசெலவையும், அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் அதே சிரத்தையோடு கற்பிக்க வேண்டும். பல இடங்களில் நிதி நிர்வாகம் ஒரேயொரு பாடத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆயினும் இப்படிப்பு வேண்டாதது என்று நான் சொல்லமாட்டேன். வாழ்வில் முதன்முறையாக வீட்டை விட்டு வந்து நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தற்செயலாக வாய்த்த ஓர் அதிகாரியின் குணவிசேஷத்தை நம்பி ஒப்படைப்பதைவிட, பயின்றவரிடம் ஒப்படைப்பது எவ்வளவோ மேல். இதில் சேர விரும்பும் இளைஞர், எந்தெந்தக் கோட்பாடுகள் கற்பிக்கப்படும் என்று விசாரிப்பதற்கு முன், தாம் எழுதும் அறிக்கையை வாரந்தோறும் உடன் அமர்ந்து படித்துப் பேசப்போகிறவர் யார், அவர் பொறுப்பில் எத்தனை உதவியாளர்கள் இருக்கிறார்கள், வேலை நேரம் வரம்பு மீறினால் யாரிடம் முறையிடலாம் என்பவற்றைக் கேட்டறிவது நலம்.