அளந்த பாகமே மாடலானால்

சி.எம்.எம். எனப்படும் ஆயத்தொலை அளவீட்டு இயந்திரத்துக்கு புரோகிராம் எழுத, பாகத்தின் கேட் மாடல் இருந்தால் வேலை எளிது. பழைய உதிரிபாகங்களுக்குப் பெரும்பாலும் தாள் வரைபடம் மட்டுமே மிஞ்சும். அப்போது பாகம் ஒன்றை மேசையில் ஏற்றி, அதன் தளங்களையும் துளைகளையும் ப்ரோப்பால் தொட்டு அளந்து, ஐஜெஸ் அல்லது ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதையே மாடலாக மென்பொருளில் ஏற்றிக்கொள்வது வழக்கம்.

இதன் பயன் மெய்யானது. திரையில் துளையைச் சொடுக்கினால் மையமும் திசையும் தாமாக வந்துவிடும். புரோகிராமை இயந்திரத்தை நிறுத்தாமல் மேசைக் கணினியிலேயே எழுதலாம். ஆனால் மோதல் சோதனையை முழுதாக நம்ப முடியாது: தொட்டு அளக்காத விலாவும் பிடிப்பானும் அந்த மாடலில் இருக்காது.

பெரிய கேடு நாமினல் அளவில் இருக்கிறது. வரைபடத்தில் துளை விட்டம் 20.000 மி.மீ., டாலரன்ஸ் ±0.020 என்று கொள்வோம். மாதிரிப் பாகத்தில் அது 20.015. மென்பொருள் இதையே நாமினலாக எடுத்துக்கொண்டால், 20.030 உள்ள துளை 0.015 விலகலுடன் தேறிவிடும், 19.985 உள்ள நல்ல துளையோ 0.030 குறைவு என்று கழிக்கப்படும். இரண்டு தீர்ப்பும் தவறு. அறிக்கையைப் பார்ப்பவருக்கு ஐயம் எழ இடமே இல்லை, ஏனெனில் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும்.

திசைப் பிழையும் உண்டு. மேற்பரப்பின் செங்குத்துத் திசை 5 பாகை பிசகினால், 2 மி.மீ. ஆரமுள்ள ப்ரோப் குண்டின் ஆரத் திருத்தத்தில் ஏறத்தாழ 0.008 மி.மீ. பிழை சேரும். வெப்பம் இன்னும் கொடியது. அளவீட்டின் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 500 மி.மீ. அலுமினியப் பாகம் 28 டிகிரியில் சுமார் 0.09 மி.மீ. நீண்டிருக்கும், திருத்தம் செய்யாமல் அளந்தால் அந்த நீட்சியில் பெரும்பகுதி மாடலில் நிலைத்துவிடும்.

ஆகவே இந்த மாடல் வழிகாட்டும் படமாக மட்டும் இருக்கட்டும். ஏற்றியவுடன் ஒவ்வொரு அளவின் நாமினலையும் திசையையும் வரைபடத்தின்படி கையால் மாற்ற வேண்டும். வரைபடமே இல்லாத பாகத்தில் கிடைப்பது மாதிரியோடு செய்த ஒப்பீடு மட்டுமே. அறிக்கையில் அதை அப்படியே குறிப்பிட வேண்டும்.