பரமும் பொருளும்: மீக்கணினியும் மலைநாட்டு மழையும்

மீக்கணினி பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் வேகத்தின் புகழுரைகளாகவே அமைந்துவிடுகின்றன. விநாடிக்கு எத்தனை கோடி கணக்குகள் என்ற வியப்பிலே தொடங்கி, அவ்வியப்பிலேயே அவை முடிவடைகின்றன. 2022 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடக்கி வைக்கப்பெற்ற ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி விநாடிக்கு ஏறத்தாழ 838 இலட்சம் கோடி கணிப்புகளை ஆற்ற வல்லது. இந்தியாவில் 1991 இல் உருவான ‘பரம் 8000’ இன் வழித்தோன்றல் அது. பரம் என்பது மேலானது. பொருள் என்பதோ செல்வத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். அத்தகைய கணிப்பாற்றலின் அர்த்தம் யாது என்னும் வினாவே ஈண்டு நோக்கற்பாலது.

வானிலைக் கணிப்பே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு எனலாம். கணிதத்தால் வானிலையை முன்னறியலாம் என்று 1922 இல் நூலெழுதிய ரிச்சர்ட்சன், அதற்கு 64,000 மனிதர்கள் ஒருங்கிருந்து கணக்கிட வேண்டும் எனக் கனவு கண்டார். 1950 இல் எனியாக் கணினி ஒரு நாளைய வானிலையைக் கணிக்க ஏறத்தாழ ஒரு நாளையே எடுத்துக்கொண்டது. மழைக்குப் பின் வந்து சேரும் முன்னறிவிப்பினால் பயனில்லை. ஆகவே இத்துறையில் வேகம் வெறும் பெருமையன்று. அறிவு உரிய காலத்தில் கிட்டுவதற்கான நிபந்தனையாகும்.

கணினி வளிமண்டலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பகுத்தே கணக்கிடுகின்றது. ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம், ஒரே மழை. கட்டத்தின் பக்கம் 12 கிலோமீற்றர் எனக் கொள்வோமாயின், வத்தேகமவும் கண்டி நகரும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடக்கூடும். இரண்டுக்கும் இடையிலான நேர்த்தூரம் 10 கிலோமீற்றருக்கும் குறைவே. வத்தேகமவுக்குக் கிழக்கே பன்வில தாண்டி எழும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் இரு சரிவுகளும் ஒரே பருவத்தில் ஒரே அளவு மழை பெறுவதில்லை. கட்டமோ மேட்டையும் பள்ளத்தையும் சராசரியாக்கி மலையையே தட்டையாக்கிவிடுகின்றது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கணக்கின் சுமை ஏறத்தாழ எட்டு மடங்காகும். இந்தியா 2025 மே மாதத்தில் 12 கிலோமீற்றரிலிருந்து 6 கிலோமீற்றர்க் கட்டத்துக்கு முன்னேறியமை அதன் புதிய மீக்கணினிகளாலேயே கைகூடிற்று. வெப்பவலயத்தைத் தழுவிய அக்கணிப்பின் எல்லைக்குள் இலங்கையும் அடங்குகின்றது.

எனினும், மலையில் நேரும் மரணங்கள் யாவும் கணிப்பின் குறையினால் விளைந்தவை என்பது பொருந்தாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அந்நிலம் அபாயகரமானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, குடியேற மாற்று நிலம் மக்களுக்குக் கிடைக்கவில்லை. இதனைச் சுட்டி, வறிய நாட்டுக்கு மீக்கணினி வீண் ஆடம்பரம் என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதம் பாதி உண்மையே.

மறுபாதி மழைமானியில் உள்ளது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். மழைமானி கூறுவது பெய்து முடிந்த மழையை. கணிப்பு கூறுவது பெய்யவிருக்கும் மழையை. நள்ளிரவில் குழந்தைகளோடும் முதியோரோடும் லயனை விட்டு இறங்க வேண்டியவர்களுக்கு, பகல் வெளிச்சத்தில் கிடைக்கும் சில மணி நேரமே உயிர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கண்டி மாவட்டத்தில் விளைத்த மண்சரிவுகளின் பின்னர் இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

தொழிற்றுறைப் புத்தாக்கம் பற்றிப் பேசுவோரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். மருந்து மூலக்கூறும் விமானச் சிறகும் மீக்கணினியில் பரிசோதிக்கப்படுவது நன்றே. ஆயின் இம்மலைப்பிரதேசத்தின் தொழிற்றுறை தேயிலை. அதன் முதல், கொழுந்து பறிக்கும் கைகள். நுண்ணிய கட்டம், சரிவுதோறும் மழைமானி, தமிழிலும் சிங்களத்திலும் உடன் சென்றடையும் செய்தி, இறங்கிச் சென்று தங்க ஓர் இடம் ஆகிய நான்கும் இணைந்த சங்கிலியில் மீக்கணினி முதற் கண்ணி மாத்திரமே. ஏனைய மூன்றும் அறுந்திருக்கும்வரை, விநாடிக்கு எத்தனை கோடி கணித்தாலும் அது பரமாக இருக்குமேயன்றிப் பொருளாகாது.