‘அந்த நாள்’: ஐந்து பேர் சொன்ன ராஜன்

‘அந்த நாள்’ படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: “பாட்டே இல்லாத படம்.” உண்மைதான். 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்ட இந்தக் குற்றப்படத்தில் பாட்டு கிடையாது, சண்டைக் காட்சியும் கிடையாது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், நல்ல படம் ஒன்றைப் பொது அறிவுக் கேள்வியாகச் சுருக்கிவிடுகிறோம். இல்லாததைத்தான் எழுபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இருப்பதைக் கொஞ்சம் பார்ப்போமே. (முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

இயக்குநர் எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் அல்ல, மாணவர்களே, விடைத்தாளில் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். இவர் வீணை பாலசந்தர். பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தவர் இசை தெரியாதவர் அல்லர், இசையிலேயே ஊறியவர். அப்போது அவருக்கு வயது 27. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ், அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ‘பராசக்தி’க்கும் ஒளிப்பதிவு செய்தவர். அங்கே கேமரா வசனத்துக்கு இடம் விட்டு நிற்கும். இங்கே பாதி வேலையை நிழல் செய்கிறது. ஹாலிவுட்டில் 1940களில் வந்த, நுவார் என்று சொல்லப்படும் குற்றப்படங்களின் பாணி இது. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. நம்ப வேண்டிய ஆள் யார் என்று பார்ப்பவருக்கே தெரியாது.

படம் தொடங்கியதும் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ஆமாம், கதாநாயகன் முதல் காட்சியிலேயே பிணம். அந்தப் பாத்திரத்தின் பெயர் ராஜன், வானொலிப் பொறியாளர். விசாரிக்க வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். இந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஜாவர் சீதாராமன். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் பானர்மேன் என்றால் பலருக்கு நினைவு வரும். இந்தப் படத்தின் திரைக்கதையையும் அவர்தான் எழுதினார். கொலையாளி யார் என்று தெரிந்த ஒரே ஆள், ஒன்றும் தெரியாதவர்போல நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறார் பாருங்க! அவருடைய நடிப்பில் அவசரமே இல்லை. எழுதியவருக்கு எதற்கு அவசரம்?

அவர் கேட்கக் கேட்க ஒரு வளையம் உருவாகிறது. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை (பி.டி. சம்பந்தம்), ராஜனின் தம்பி பட்டாபியைச் சந்தேகிக்கிறார். பட்டாபி (டி.கே. பாலச்சந்திரன்) தன் மனைவி ஹேமாவையே சந்தேகிக்கிறான். ஹேமா (மேனகா), நடனக்காரி அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் (சூரியகலா) திரும்பச் சின்னையா பிள்ளையிடமே கொண்டுவந்து விடுகிறாள்.

இதை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தின் சாயல் என்று சொல்லிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு பெரிய வேறுபாடு தெரியும். ‘ரஷோமோன்’ படத்தில் கொள்ளைக்காரனும் மனைவியும் செத்த கணவனும் அந்தச் சாவை ஆளுக்கு ஆள் தங்கள் பக்கமே இழுத்துக்கொள்கிறார்கள். ‘அந்த நாள்’ படத்தில் அந்த நான்கு பேரும் அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அங்கே தன்மானம், இங்கே பயம். கூட்டுக் குடும்பமும் சொத்துப் பங்கும் அக்கம்பக்கத்துப் பேச்சும் தெரிந்தவர் எழுதிய கதை இது. எனக்கு இந்த மாற்றம் தழுவலாகத் தோன்றவில்லை, சொந்தச் சரக்காகத்தான் தோன்றுகிறது.

தேர்வில் ‘பின்னோக்கு உத்தி’ என்று எழுதி ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்தால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் யாருடைய பின்னோக்கு என்று கேட்டால்தான் விடை விடையாக இருக்கும். ஒருவர் சொல்லும் ராஜன் பங்கு தராத கல்நெஞ்சன், இன்னொருவர் சொல்லும் ராஜன் மனைவிக்குத் துரோகம் செய்பவன். சிவாஜி ஒரே ராஜனை நடிக்கவில்லை. சொல்பவரின் மனத்திலுள்ள ராஜனை ஒவ்வொரு முறையும் நடிக்கிறார். அதே ஆண்டு ‘மனோகரா’வில் அவர் இடி முழக்கியதைப் பார்த்தவர்கள், இங்கே அவர் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கவனியுங்கள்.

என் குறை ஐந்தாவது கதையில்தான். ராஜனின் மனைவி உஷா, அதாவது பண்டரிபாய், உண்மையைச் சொல்கிறாள். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நேரம் அது. தன் ஆராய்ச்சியை யாரும் மதிக்கவில்லை என்று கசந்துபோன ராஜன், ஜப்பானுக்கு இரகசியங்களை விற்கும் ஒற்றனாகிவிட்டான். அவன் உயிரை எடுத்தது அவள் கையிலிருந்த துப்பாக்கி. பண்டரிபாயின் நடிப்பில் குறையே இல்லை. அவர் முகத்தில் தெரிவது வெற்றியல்ல, களைப்பு. ஆனால் நான்கு சாட்சிகளையும் சந்தேகி சந்தேகி என்று நமக்குக் கற்றுக்கொடுத்த படம், ஐந்தாவது சாட்சி வந்ததும் சந்தேகத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறது. அவளும் ஒரு கதைசொல்லிதானே? குரோசாவா செத்தவனுக்கும் ஆவியாக வந்து பேச வாய்ப்புக் கொடுத்தார். ராஜனுக்கு அது கிடைக்கவில்லை. அவனுடைய நியாயம்கூட உஷா சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

மலேசியா, சிங்கப்பூர் வாசகருக்கு இந்த இடம் இன்னும் உறுத்த வேண்டும். அதே 1943 அக்டோபர் 21ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். துணை நின்றது அதே ஜப்பான். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகத் தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த காலம் அது. ராஜனை அவர்களோடு ஒப்பிடச் சொல்லவில்லை. அவன் கசப்பால் போனவன், அவர்கள் நம்பிக்கையால் போனவர்கள். ஆனாலும் ஜப்பான் பக்கம் போனால் துரோகி என்று படம் ஒரே கோடாகப் போடும்போது, கடலுக்கு இந்தப் பக்கத்தில் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. உஷா காப்பாற்றும் சென்னையும் அன்று ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. பாலசந்தரும் ஜாவரும் இந்தச் சிக்கலைத் தொட்டிருந்தால், உஷாவின் முடிவு இதைவிடக் கனத்திருக்கும்.

படத்துக்குத் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, திரையரங்கில் கூட்டம் சேரவில்லை. பாலசந்தர் பத்து ஆண்டு கழித்து ‘பொம்மை’ (1964) எடுத்தபோது, கடைசியில் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் திரையில் நிறுத்தி ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். ‘அந்த நாள்’ படத்துக்கும் அப்படிச் செய்திருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒன்று. படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஒரு பாடவேளையில் அடங்காது. தொடக்கக் காட்சியையும் யாராவது ஒரு சாட்சியின் கதையையும் மட்டும் காட்டுங்கள். பிறகு ராஜனின் வாக்குமூலத்தை அவன் வாயாலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவனை நல்லவனாக்க வேண்டியதில்லை, பேசவிட்டால் போதும். உஷாவின் கதையை அடுத்த வாரம் காட்டலாம்.