வளவுக்குள் ஓர் உலா

செட்டிநாட்டு இளையாத்தங்குடியில் எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான்: வளவு முற்றம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு ஒரு கோடுகூட வராது. அதனால் இந்த முறை ஊருக்கு வந்து தங்கிய மூன்று வாரமும் முற்றத்துத் தூணோரம்தான் எனக்கு அலுவலகம். போனில் ஹாட்ஸ்பாட், மடியில் ஏழு வருடப் பழைய லேப்டாப். பிரவுசரைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. நகரத்து ஃபைபர் இணைப்பில் எந்த பிரவுசரும் நன்றாகத்தான் ஓடும்.

சோதித்தது ஸோஹோ நிறுவனத்தின் உலா பிரவுசர். 2023 மே மாதம் வெளிவந்தது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் முதல் பரிசான 1 கோடி ரூபாயை 2025 மார்ச்சில் வென்றது.

இறக்கி நிறுவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்கள்: "இதுக்கு எவ்வளவுப்பா?"

"இலவசம் அப்பத்தா."

"சும்மா குடுக்குறான்னா, அவனுக்கு வரும்படி எதுல?"

என் தாத்தா, ஐயா, பினாங்கில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாள் வரைக்கும் போனவர். அவர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி முதலில் வருவது இயல்பு. இருபது வருடத்துக்கு மேல் சர்வர்களோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பிரவுசரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

குரோமுக்குப் பின்னால் இருப்பது கூகுளின் விளம்பர வருமானம். சஃபாரியில் கூகுள் தேடலை முதலிடத்தில் வைத்திருக்க 2022இல் மட்டும் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் போனதாக கூகுள் மீதான அமெரிக்க வழக்கில் ஆவணங்கள் வெளிவந்தன. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகுள் தருவதுதான். ஆக, எந்தக் கடையில் வாங்கினாலும் கல்லா ஒன்றுதான். ஸோஹோ இந்த வரிசையில் நிற்கவில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய காலத்திலிருந்தே மென்பொருளை விற்றுத்தான் பிழைக்கிறது. விளம்பரத்தில் சம்பாதிப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே சொல்லியிருக்கிறது. உலாவை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்பத்தா காலையில் படிக்கும் ஒரு செய்தித் தளத்தை வேறொரு பிரவுசரில் எந்தத் தடுப்பும் இல்லாமல் திறந்தேன். எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால், அந்தப் பக்கம் யார் யாரைக் கூப்பிடுகிறது என்று வரிவரியாக ஓடும். செய்தி, படம், எழுத்துரு எல்லாம் முதல் சில வரிகளில் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் விளம்பர சர்வர்களும் நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களும். பட்டியல் திரையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. தலைப்பைப் படிக்கும் முன் பக்கம் மூன்று முறை கீழே குதித்தது. அதே பக்கத்தை உலாவில் திறந்தேன். பட்டியல் சீக்கிரமே நின்றது, பக்கம் குதிக்கவில்லை. அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ராசிபலன் வரைக்கும் நிதானமாகப் படித்தார்கள். ஒற்றைக் கோடு சிக்னலில், டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

உலாவில் வேலைக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று ஐந்து மோட்கள் உண்டு. வேலையையும் வீட்டையும் பிரித்து வைத்துக்கொண்டது எனக்கு உதவியது. மற்றவற்றில் நான் அதிகம் புழங்கவில்லை. புக்மார்க், பாஸ்வேர்டை எல்லாக் கருவிகளிலும் ஒத்திசைக்கும்போது முனைக்கு முனை மறையாக்கம் உண்டு என்கிறது நிறுவனம். அதாவது பெட்டகம் அவர்கள் இடத்தில், சாவி நம் இடுப்பில். வாடகை கிளவுடில் இல்லாமல் சென்னை, மும்பை என்று சொந்த டேட்டா சென்டர்களில் ஸோஹோ சேவைகளை நடத்துவதும் எனக்குப் பிடிக்கிறது. சர்வர் யாருடையது என்று தெரிந்தால்தான் கேள்வி கேட்கவும் ஆள் தெரியும்.

ஆனால் உலாவின் அடித்தளம் குரோமியம். கூகுள் முன்னின்று வளர்க்கும் திறந்த மூலம் அது. எட்ஜ், ஓபெரா, பிரேவ், விவால்டி எல்லாம் நிற்பதும் அதன் மேல்தான். இது பெரிய குறையா? இந்த வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு. அதனால் யாரும் இதைப் பர்மா வீடு என்று சொன்னதில்லை. ஆனால் தேக்கு ஒரு தடவை கப்பலில் வந்து இறங்கியதோடு சரி. குரோமிய மரமோ சில வாரத்துக்கு ஒரு முறை புதிதாக வந்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் இழைத்து, பொருத்தி, ஓட்டை அடைத்து வெளியிட வேண்டும். அனுப்புகிறவர் அளவை மாற்றினால் வாங்குகிறவரும் மாற்றியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறை 'மேனிஃபெஸ்ட் வி3' வந்தபோது அதுதான் நடந்தது. விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன்களின் கை கட்டப்பட்டது. குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு எக்ஸ்டென்ஷன் நின்றுபோனது. உலாவின் தடுப்பு பிரவுசருக்குள்ளேயே கட்டியது என்பதால் அந்த அடி படவில்லை. நல்ல மேஸ்திரி செய்கிற வேலை அது. இருந்தாலும் உலாவை வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை அதன் குரோமியப் பதிப்பு எண்ணை குரோமின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தம் எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்பதை வைத்துத்தான் நான் இந்த பிரவுசரை எடைபோடுவேன். ஸோஹோ தன் பங்குக்கு எழுதிய மேல்கட்டு நிரலையும் திறந்து வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

குரோமியம் போல ஒரே பிரவுசர் என்ஜின் ஊரை ஆண்டால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்குத் தெரியும். 2002 வாக்கில் காரைக்குடி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழ்த் தளங்களைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும். தளத்துக்கு ஓர் எழுத்துரு. பல தளங்களின் டைனமிக் ஃபான்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் விரியும். வேறு பிரவுசரில் போனால் தமிழுக்குப் பதில் புள்ளியும் கோடும் கலந்த குப்பை. எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல், அடுத்தது 2006இல். போட்டி இல்லாததால் ஐந்து வருடம் அப்படியே கிடந்தது. 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து அசைத்த பிறகுதான் எக்ஸ்ப்ளோரரில் வேலை நடந்தது. இன்று ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட், குரோமியத்தின் பிளிங்க் என்று மூன்றே பெரிய என்ஜின்கள். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நான் ஃபயர்ஃபாக்ஸில் வேலை செய்வது இதற்காகத்தான். சென்ற மாதம் ஓர் அலுவலகத்தின் படிவத்தை அதில் திறந்தால் "குரோமில் முயலவும்" என்று ஒற்றை வரி வந்து நின்றது. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

கிளம்பும் முன் அப்பத்தாவின் டேப்லெட்டில் உலாவைப் போட்டு, சிங்கப்பூர்ப் பேத்தியின் போட்டோக்கள் இருக்கும் பக்கத்தை முதல் பக்கமாக வைத்தேன். என் லேப்டாப்பில் உலாவும் ஃபயர்ஃபாக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குரோமை எடுத்துவிட்டேன்.