ஜே.ஆர்.டி. டாட்டாவின் தன்னாட்சி முறை: நிறையும் குறையும்

ஜே.ஆர்.டி. டாட்டா 1904இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை ஆர்.டி. டாட்டா, டாட்டா குழுமத்தை நிறுவிய ஜாம்செட்ஜியின் உறவினர்; தாய் பிரெஞ்சுக்காரர். 1938இல், தமது 34ஆம் வயதில், குழுமத்தின் தலைமை நிறுவனமான டாட்டா சன்ஸின் தலைவரான ஜே.ஆர்.டி., 1991 வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் 14ஆக இருந்த குழும நிறுவனங்கள் ஏறத்தாழ 95ஆகப் பெருகின.

திறமையானவரைத் தேர்ந்து, நிறுவனத்தையே அவரிடம் ஒப்படைப்பது அவருடைய நிர்வாக முறை. லாரித் தொழிற்சாலையான டெல்கோவைச் சுமந்த் மூல்காவ்கரும், டாட்டா கெமிக்கல்ஸைத் தர்பாரி சேத்தும், தாஜ் ஓட்டல்களை அஜித் கேர்க்கரும், எஃகு நிறுவனத்தை ரூசி மோடியும் வளர்த்தனர். இவர்களில் எவரும் டாட்டா குடும்பத்தவர் அல்லர். ரத்த உறவைவிடத் திறமைக்கு முதலிடம் கிடைத்தது இம்முறையின் பெரிய நிறை. ஒரே தலைவர் எல்லாத் தொழில்களின் நுட்பத்தையும் அறிய முடியாது. 1968இல் தொடங்கிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.), எஃப்.சி. கோலியின் கீழ் மென்பொருள் என்னும் புதுத் துறையில் வேரூன்றியது இதற்குச் சான்று.

விமானத் துறையில் மட்டும் ஜே.ஆர்.டி. வேறு விதமாக நடந்துகொண்டார். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே அஞ்சல் விமானம் ஓட்டியவர். அந்தச் சேவையிலிருந்து வளர்ந்த ஏர் இந்தியா 1953இல் அரசுடைமையான பின்னும், 1978 வரை அதன் தலைவராக இருந்து, பயணிகள் சேவையின் சிறு குறைகளைக்கூட நேரில் கவனித்தார். தமக்கு நன்கு தெரிந்த தொழிலில் அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

தன்னாட்சி முறையின் குறை, அது அவருடைய தனிப்பட்ட மதிப்பையே நம்பியிருந்ததுதான். ஒரு நிறுவனம் ஒப்பந்தப்படி பிற நிறுவனங்களை நிர்வகிக்கும் மேலாண்மை முகமை முறை 1970இல் ஒழிந்ததும், நிறுவனங்களைக் குழுமத்துடன் இணைத்த சட்டப் பிணைப்பு அறுந்தது. பல நிறுவனங்களில் டாட்டா சன்ஸ் வைத்திருந்த பங்கும் குறைவு. ஆண்டுக்கணக்கில் பதவியிலிருந்த தலைவர்கள் தத்தம் நிறுவனங்களில் தனியரசு நடத்தினர். இதன் விளைவைச் சந்தித்தவர் 1991இல் பொறுப்பேற்ற ரத்தன் டாட்டா. ஓய்வு வயது விதி கண்டிப்பாக்கப்பட்டது. 1993இல் மோடியும் 1997இல் கேர்க்கரும் வெளியேறினர். டாட்டா சன்ஸின் பங்குகள் உயர்த்தப்பட்டன. டாட்டா என்ற பெயரைப் பயன்படுத்தக் கட்டணமும் வந்தது.

குழுமத்தின் எல்லாத் தேக்கத்துக்கும் இம்முறையையே காரணமாக்குவது நியாயமாகாது. உரிமக் கட்டுப்பாடுகளும் 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டமும் பெரிய குழுமங்களின் விரிவாக்கத்துக்குத் தடையிட்டன. நம்பிக்கை வைத்துப் பொறுப்பை ஒப்படைத்தது ஜே.ஆர்.டி.யின் பலம். தாம் இல்லாத காலத்திலும் அந்த நம்பிக்கையைக் காக்கக்கூடிய பங்குரிமையையும் ஓய்வு விதியையும் உரிய நேரத்தில் உறுதிசெய்யாமல் விட்டது அவருடைய குறை.