சாகா அணுக்களும் ஒரு குடும்பத்தின் அந்தரங்கமும்

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா ஸ்க்லூட் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து எழுதி, 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நூல் ஒன்றை இங்கே ஆராய விழைகின்றோம். ‘ஹென்ரியெட்டா லாக்ஸின் சாகா வாழ்வு’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். மருத்துவ வரலாறுதானே என்று நம் வாசகர் இதனை ஒதுக்கிவிடலாகாது. மனித உடலைப் பற்றித் திருச்சபை நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ள பல வினாக்கள் இந்நூலில் ஓர் ஏழைக் குடும்பத்தின் வாய்மொழியாகவே எழுகின்றன.

வரலாறு சுருக்கமானது. ஐந்து பிள்ளைகளுக்குத் தாயான ஹென்ரியெட்டா என்னும் கறுப்பினப் பெண், கருப்பைவாய்ப் புற்றுநோயுற்று, பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951 அக்டோபரில் தம் 31-ஆம் வயதில் இறந்தார். சிகிச்சையின்போது அவருக்குத் தெரிவியாமலே அவரது கட்டியிலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுக்கப்பட்டது. அதுவரை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மனித உயிரணுக்கள் விரைவில் மடிந்துபோயின. இவையோ ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இரட்டித்துப் பெருகின. ஜார்ஜ் ஓட்டோ கை என்னும் ஆய்வாளர் அவற்றைக் கேட்டவர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பிவைத்தார். ‘ஹீலா’ எனப் பெயர் பெற்ற அவ்வணுக்கள் போலியோ தடுப்பு மருந்தைச் சோதிப்பது முதற்கொண்டு எண்ணற்ற ஆய்வுகளுக்கு உதவின. அந்தத் தாராளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கொடுத்தவர் கொடுத்தது தம்முடையதன்று என்பதும் உண்மை.

அக்காலத்தில் ஒப்புதல் கேட்கும் வழக்கமே இல்லை என்று வாதிடுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். ஹென்ரியெட்டா இறந்த மறு ஆண்டே, 1952 செப்டம்பரில், மருத்துவ வல்லுநர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் ஆர்வம் மட்டுமே எச்செயலையும் நியாயப்படுத்திவிடாது என்றும், நோயாளி தரும் உரிமைக்கு அப்பால் மருத்துவருக்கு அவர்மேல் உரிமையில்லை என்றும் தெளிவாகவே எடுத்துரைத்தார். அவ்வினா அன்றே உலகில் எழுந்திருந்தது.

நூலின் நெஞ்சைத் தொடும் பகுதி தாயைப் பற்றியதன்று. மகள் டெபோராவைப் பற்றியது. 1970-களில் ஹீலா அணுக்கள் பிற அணுக்களோடு கலந்து ஆய்வுகளைக் கெடுத்தபோது, அவற்றை இனங்காண உறவினரின் இரத்தம் தேவைப்பட்டது. ஆய்வாளர்கள் குடும்பத்தாரிடம் இரத்தம் எடுத்தனர். தாய்க்கு வந்த நோய் தமக்கும் உண்டா என்று பார்க்கிறார்கள் என்றே டெபோரா எண்ணினார். தாய் இறந்த வயதைத் தாமும் நெருங்குகின்ற அச்சத்தோடு, வரவே வராத முடிவுக்காக அவர் காத்திருந்தார். விளக்கம் கேட்டபோது மூத்த மரபியல் அறிஞர் ஒருவர் தாம் பதிப்பித்த மருத்துவ மரபியல் நூலில் கையொப்பமிட்டு அவரிடம் கொடுத்தார். அதில் டெபோராவுக்கு விளங்கக்கூடியதாக இருந்தது அவருடைய தாயின் நிழற்படம் ஒன்றே. இந்நிகழ்ச்சியை ஸ்க்லூட் எவ்வித ஆரவாரமுமின்றிச் சொல்லிச் செல்கிறார். அந்த அடக்கமே அவரது எழுத்தின் சிறப்பு.

சமயப் பற்றில்லாத ஆசிரியர், சமயத்தை ஏளனம் செய்யாமல் எழுதியிருப்பதும் பாராட்டத்தக்கது. உறவினர் ஒருவர் விவிலியத்தை அவர் கையில் கொடுத்து, கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் செய்கிறார். அழியாத அவ்வணுக்களே ஹென்ரியெட்டாவின் விண்ணக உடல் என்பது அவரது நம்பிக்கை. இங்கே நாம் உடன்படுவதற்கில்லை. புனித பவுல் கூறும் விதை மடிந்தே உயிர்பெறுகிறது; புற்றணுவின் நோயோ மடியத் தெரியாமையே. ஓயாத பெருக்கத்தை நிலைவாழ்வு என மயங்கலாகாது. நூலின் தலைப்பும் இம்மயக்கத்திற்கு இடந்தருகிறது. எனினும், தாயின் உடல் வெறும் பொருளன்று என்னும் அக்குடும்பத்தாரின் உணர்வு, அதைக் குப்பியிலிட்டு விற்றவர்களின் கணக்கைவிட நம் மறையியலுக்கு நெருக்கமானது.

நூல் வெளிவந்தபின் நடந்தது அதன் பொருளை மேலும் ஆழமாக்கியது. 2013 மார்ச்சில், ஹைடல்பெர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தார் ஹீலா அணுக்களின் மரபணுத் தொகுதி முழுவதையும் எவரும் காணும்படி வெளியிட்டனர். அவர்கள் எச்சட்டத்தையும் மீறவில்லை. ஆய்வு முடிவுகளைப் பகிர்ந்துகொள்வது அறிவியலார் போற்றும் நல்வழக்கமே. ஆனால் குடும்பத்தாரை எவரும் கேட்கவில்லை. ஹென்ரியெட்டா மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமோ உயிரோடிருந்தனர். அவருடைய மரபணுவில் ஒரு பங்கு அவர்களுடையது. முன்னாளில் ‘ஹெலன் லேன்’ என்ற பொய்ப்பெயரால் அவரை மறைத்து வைத்தார்கள். மரபணுவோ பெயரின்றியே உறவைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ப்பு எழவே அத்தகவல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் குடும்பத்தாரோடு ஓர் உடன்பாடு கண்டன. அதன்படி, அத்தகவலை நாடும் ஆய்வாளர் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் குடும்பத்தார் இருவரும் அமர்வர். அப்போது அந்நிறுவனங்களின் தலைவராயிருந்த பிரான்சிஸ் காலின்ஸ் கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடும் அறிவியலர் என்பதை நம் வாசகர் சிலர் அறிவர்.

ஆனால் இருவர் எல்லாருக்காகவும் பேச இயலுமா? ஒப்புதல் என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தருவது என்றே சட்டம் கருதுகிறது. மரபணுவோ ஒருவருக்கு மட்டும் சொந்தமான இரகசியமன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருவர் தம் பாவத்தைச் சொல்லும்போது மனைவி, உடன்பிறந்தார், அண்டை வீட்டார் அனைவரும் அச்சொற்களுக்குள் வந்துவிடுகின்றனர். குரு காக்கும் இரகசியம் அங்கே இல்லாத அவர்களையும் சேர்த்தே காக்கிறது. பெற்றுக்கொண்டவர் இவ்வாறு காவலராகவும் நிற்கும் கடமையை மரபியல் ஆய்வு மிகத் தாமதமாகவே கற்கத் தொடங்கியுள்ளது.

இவ்வளவுகோலை நூலாசிரியர்மீதும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. மருத்துவப் பதிவேடுகளை முன்பின் அறியாதவர் திறந்ததைக் கண்டிக்கும் ஸ்க்லூட், டெபோராவின் இளமைத் துயரங்களையும் சகோதரர்களின் குற்றங்களையும் தாமே விரிவாகத் திறந்துவைக்கிறார். மனநல விடுதியில் 1955-இல் இறந்த மூத்த மகள் எல்சியின் கடைசி நிழற்படத்தையும் கண்முன் நிற்குமாறு விவரிக்கிறார். டெபோரா இசைந்தார், எல்சியின் கதை சொல்லப்பட வேண்டுமென விரும்பினார் என்பது மெய்யே. ஆனால் அவர் நூல் வெளிவருமுன் 2009-இல் காலமானார். மூத்த மகனோ பின்னாளில் நூலையும், அதைத் தழுவி 2017-இல் வந்த திரைப்படத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒருவர் தந்த ஒப்புதல் உடன்பிறந்தாரையும் கட்டுமோ என்ற வினா இங்கே நூலின் பக்கங்களுக்குள்ளேயே கிடக்கிறது. ஆசிரியர் அதனை நேர்நின்று எதிர்கொள்ளவில்லை. நூல் வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் அறக்கட்டளை நிறுவியது நற்செயலே. அது இவ்வினாவிற்கு விடையாகாது.

நாம் மீண்டும் புரட்டும் பக்கம் ஒன்றுண்டு. டெபோராவும் தம்பியும் முதன்முறையாக ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துச் செல்லப்படுகின்றனர். இளம் அறிவியலர் ஒருவர் அவர்களோடு அமர்ந்து, உயிரணு என்றால் என்ன, மரபணு என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கி, நுண்ணோக்கியின்வழி தாயின் அணுக்களைக் காட்டுகிறார். குளிர்ந்த குப்பியைக் கையில் வாங்கிய டெபோரா, அதனை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துச் சூடாக்குகிறார். இரத்தம் எடுத்த நாளிலேயே ஒருவர் இப்படி அரைமணி நேரம் அவரோடு அமர்ந்திருக்கலாம்.