இனிஷியலும் பெயரும்

இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் சம்பளத்துக்கு ஆடியவருக்குத் தனி வாசல், தனி அறை. ஆட்ட அட்டையில் கனவான்களின் பெயர்கள் இனிஷியலோடு அச்சாகும். சம்பளக்காரருக்கு வெறும் குடும்பப் பெயர்தான். 1962இல்தான் இந்தப் பாகுபாட்டை ஒழித்தார்கள். டபிள்யூ. ஜி. கிரேஸ் கணக்குக்குக் கனவான். சம்பளக்காரர்களைவிட அதிகம் சம்பாதித்தவர். அவருடைய இனிஷியலே அவர் பெயராக நிலைத்துவிட்டது.

அதே காலத்தில், 1890இல், பெண்களும் பணத்துக்கு ஆடினார்கள். 'ஒரிஜினல் இங்கிலிஷ் லேடி கிரிக்கெட்டர்ஸ்' என்று சிவப்பு, நீலம் என இரண்டு அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடின. லிவர்பூலில் 15,000 பேர் திரண்டதாகச் சொல்வார்கள். ஆனால் சொந்தப் பெயரில் ஆட அந்தப் பெண்களுக்கு அனுமதியில்லை. கூடவே காவலுக்கு ஒரு மேட்ரன். சீக்கிரமே அணிகள் கலைந்தன. நிர்வாகி பணத்தோடு மறைந்ததே காரணம் என்கிறார்கள்.

இலக்கிய வரலாறு கற்பிக்கும் எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. வாழ்க்கை வரலாற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் எழுத முடியும். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, கல்லறை எல்லாம் பெயர் கேட்கும். கிரேஸுக்கு நூல்கள் குவிந்தன. இவர்களுக்குக் கிடைப்பது ஒரு பத்தியும் ஒரு குழுப்படமும்.

புனைபெயர் அவர்களுக்கு ஒரு காப்பாகவும் இருந்திருக்கலாம். விளையாடியதற்காக ஒருத்திக்குக் காப்பு ஏன் தேவைப்பட்டது என்பதே என் கேள்வி. கனவான் வாங்கிய பணத்துக்குச் 'செலவுத்தொகை' என்று கௌரவமான பேர் வைத்தார்கள். பெண் வாங்கியபோது, அவளுக்கே பேர் இல்லாமல் செய்தார்கள்.